ஒரு வர்த்தமானியும் மூன்று போகங்களும்: இலங்கையின் 2021 இரசாயனப் பசளைத் தடை பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

2021 மே 6 அன்று இலங்கை அரசு வெளியிட்ட அதிவிசேட வர்த்தமானி (அரசிதழ்), இரசாயனப் பசளை, களைநாசினி, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. ஏழு மாதங்களுக்குள் தடை விலக்கப்பட்டது. அதன் விளைவுகள் 2023 வரை நீடித்தன. இடையில் மூன்று போகங்கள், அதாவது பயிர்ப் பருவங்கள், கடந்தன: 2021 சிறுபோகம் (ஏறத்தாழ மே முதல் ஆகஸ்ட் வரை), 2021/22 பெரும்போகம் (ஏறத்தாழ ஒக்டோபர் முதல் மார்ச் வரை), 2022 சிறுபோகம். இந்த ஆய்வு அந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்கிறது. முடிவெடுத்தவர்கள், எச்சரித்தவர்கள், வயலில் நட்டப்பட்டவர்கள் எவருடைய பெயரும் இங்கே இல்லை. யார் குற்றவாளி என்ற வாதம் வேறு இடங்களில் நிறையவே நடந்துவிட்டது. ஒரு சிறிய நாட்டின் பொருளாதாரத்தில் விவசாயம் உண்மையில் எந்த வேலையைச் செய்கிறது என்பதை முடிவெடுப்பவர்கள் பிழையாகக் கணித்தால் என்ன நடக்கும் என்பதே என் அக்கறை.

பின்னணி

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற இலங்கை, தேயிலையையும் இறப்பரையும் விற்று அரிசி வாங்கிய நாடு. சுதந்திரம் பெற்ற காலத்தில் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. 1952இல் சீனாவுடன் இறப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் அளவுக்கு அந்தத் தேவை பெரிதாக இருந்தது. அடுத்த ஆண்டே பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு (ஒரு முகத்தல் அளவை) 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. பிரதமர் பதவி விலகினார். அரிசி விலை அரசைக் கவிழ்க்கும் என்ற பாடத்தை அதன் பின் வந்த எந்த அரசும் மறக்கவில்லை.

மறக்காததன் பலன்தான் நெல்லில் ஏற்பட்ட வளர்ச்சி. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இன மேம்பாட்டு நெல் வகைகள், பழைய குளங்களின் சீரமைப்பு, 1970களின் இறுதியில் வேகப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம், 1962 முதல் ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்த பசளை மானியம் ஆகிய நான்கும் சேர்ந்தன. 1950களில் ஹெக்டேயருக்கு இரண்டு தொன்னுக்கும் குறைவாக இருந்த சராசரி விளைச்சல், 2020இல் நான்கரைத் தொன்னைத் தாண்டியது. அந்த ஆண்டு நெல் உற்பத்தி 51 லட்சம் தொன். மழை பொய்க்காத ஆண்டுகளில் நாடு தன் அரிசியைத் தானே விளைவித்துக்கொண்டது.

இதற்கு ஒரு விலை இருந்தது. புதிய நெல் வகைகள் பசளைக்குப் பதில் சொல்லும்படி உருவாக்கப்பட்டவை. பசளை இல்லையென்றால் அவற்றின் சிறப்பும் இல்லை. மானியம் நீண்டகாலம் யூரியாவை அடிமட்ட விலைக்குக் கொடுத்தது; 2020இலிருந்து நெல்லுக்கு இலவசமாகவே கொடுத்தது. தேவைக்கு மேல் இடும் பழக்கம் பல இடங்களில் வேரூன்றியது. வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பரவிய, காரணம் உறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் விவசாய நஞ்சுகள் மீது சந்தேகத்தை வளர்த்தது. 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினி தடைசெய்யப்பட்டதும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடை தளர்த்தப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். எனவே 2021இன் முடிவை ஒரே இரவில் எழுந்த விசித்திரமாகப் பார்ப்பது சரியல்ல. அதற்கு நியாயமான கவலையும் இருந்தது, மக்கள் ஆதரவும் இருந்தது. 2021 நடுப்பகுதியில் விவசாயிகளிடையே நடந்த ஒரு தொலைபேசிக் கருத்தாய்வில் பெரும்பான்மையினர் சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாறும் எண்ணத்தை ஆதரித்தார்கள். அதே ஆய்வில் பெரும்பான்மையினர் விளைச்சல் குறையும் என்றும், மாற்றத்துக்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றும் சொன்னார்கள்.

எடுக்கப்பட்ட முடிவும் அதன் காரணங்களும்

2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனம் சேதன விவசாயத்துக்குப் பத்து ஆண்டு கால எல்லை வைத்திருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கொழும்பில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நைதரசன் முகாமைத்துவப் பிரகடனமும் நைதரசன் வீணாவதை 2030க்குள் பாதியாகக் குறைப்பதைத்தான் இலக்காகக் கொண்டது. படிப்படியாகச் செல்லும் பாதை தலைநகரிலேயே வரையப்பட்டிருந்தது. அது ஏன் சில மாதங்களாகச் சுருங்கியது?

விடை டொலரில் இருக்கிறது. 2019 ஈஸ்டர் தாக்குதல், அந்த ஆண்டின் இறுதியில் செய்யப்பட்ட பெரும் வரிக்குறைப்பு, 2020இல் கொவிட் முடக்கிய சுற்றுலாத்துறை எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்தன. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு, 2020 இறுதியில் 5.7 பில்லியனாகக் குறைந்தது. வாகனம், மஞ்சள் எனப் பல பொருட்களின் இறக்குமதி ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. 2020இல் பசளை இறக்குமதிக்குச் சுமார் 259 மில்லியன் டொலர் செலவாகியிருந்தது. உலகச் சந்தையில் யூரியா விலை ஏறத் தொடங்கியதால் அது 400 மில்லியன் வரை உயரக்கூடும் என்று அரசு சொன்னது. 2021 ஏப்ரல் இறுதியில் அமைச்சரவை தடைக்கு ஒப்புதல் அளித்தது. மக்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் ஆரோக்கியமும் சுற்றுச்சூழலும்.

இரண்டு காரணங்களும் உண்மையானவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அவை இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகர்பவை. மண்ணின் ஆரோக்கியம் ஆண்டுக்கணக்கில் மீளும். டொலர் நெருக்கடி அடுத்த மாதமே தீர்வு கேட்கும். நெருக்கடியின் வேகத்தை மண்ணின் மீது ஏற்றியதுதான் முதல் பிழை.

இரண்டாவது பிழை கணக்கில் இருந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு அப்போது ஏறத்தாழ 7 முதல் 8 வீதம். அந்த எண்ணைப் பார்ப்பவருக்கு விவசாயம் சிறிய துறையாகவே தெரியும். அதில் ஓராண்டு சறுக்கினாலும் நாடு தாங்கும் என்று தோன்றும். ஆனால் தொழில் செய்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்தத் துறையில் இருந்தார். நாட்டுக்குள் விளையும் ஒவ்வொரு தொன் நெல்லும், டொலர் கொடுத்து வாங்கத் தேவையில்லாத அரிசி. தேயிலை ஆண்டுக்கு 1.2 பில்லியன் டொலருக்கு மேல் கொண்டுவந்தது. பசளைச் செலவு கணக்குத் தாளில் ஒரு தனிப் பதிவாக எழுதப்பட்டது. அந்தச் செலவு மிச்சப்படுத்திய அரிசி டொலரும் ஈட்டிய தேயிலை டொலரும் அதே தாளில் எழுதப்படவில்லை.

எச்சரிக்கைகள்

எச்சரிக்கை இல்லாமல் இது நடக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட விவசாய விஞ்ஞானிகளும் நிபுணர்களும் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். விவசாயப் பொருளியலாளர் சங்கம் நெல்லில் 25, தேயிலையில் 35, தென்னையில் 30 வீத வீழ்ச்சி வரும் என்று கணித்தது. தடையை வெளிப்படையாக விமர்சித்த ஒரு பேராசிரியர் அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் டிசம்பரில், உணவுத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று பேசிய அமைச்சின் செயலாளரும் உடனடியாகப் பதவி இழந்தார். இந்த இரண்டு நீக்கங்களும் எனக்கு மிக முக்கியமாகத் தெரிகின்றன. வயலிலிருந்து மேலே செல்ல வேண்டிய தகவல், செல்ல வேண்டிய நேரத்தில், அங்கேயே நின்றுபோயிற்று.

நைதரசனைக் கணக்கிட்டிருந்தாலே போதும். பாசன நெல்லுக்கு ஒரு போகத்தில் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 100 கிலோ நைதரசன் தேவை. யூரியாவில் 46 வீதம் நைதரசன்; 50 கிலோ மூடைகள் நான்கைந்து போதும். நல்ல கூட்டெருவில் ஒன்றிலிருந்து இரண்டு வீதம். ஒன்றரை வீதம் என்று வைத்துக்கொண்டாலும் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ ஏழு தொன் வேண்டும். அதிலும் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மீதி மண்ணில் மெல்ல மெல்லச் சிதைந்து பிறகு கிடைக்கும். பெரும்போகத்தில் ஏழு லட்சம் ஹெக்டேயருக்கு மேல் நெல் விதைக்கப்படுகிறது. ஏழால் பெருக்கினால் ஏறத்தாழ 50 லட்சம் தொன் கூட்டெரு. அது நாட்டின் முழு ஆண்டு நெல் அறுவடைக்கு நிகரான எடை. அதை ஆறு மாதத்தில் தயாரித்து, லொறியில் ஏற்றி, விவசாயிகளுக்கான அரச கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோய், வரம்பு வரம்பாகச் சுமந்து இறைக்க வேண்டும். மாடுகள், வைக்கோல், பசுந்தாள் உரமாகும் கிளிசீரியா இலை, நகரக் கழிவு எல்லாவற்றையும் சேர்த்தாலும் எந்த மாவட்டத்திலும் அதற்கான ஏற்பாடு இருக்கவில்லை.

முதல் போகம்: 2021 சிறுபோகம்

தடை வந்தபோது சிறுபோக வேலைகள் தொடங்கியிருந்தன. கமநல நிலையங்களிலும் கடைகளிலும் விவசாயிகளின் வீடுகளிலும் பழைய இருப்பு இருந்தது. அதைச் சிக்கனமாக இட்டுப் பயிரைக் காப்பாற்றினார்கள். அறுவடை பெரிதாகக் குறையவில்லை. ஆண்டு முழுமைக்குமான உற்பத்தியும் 2020ஐ ஒத்தே இருந்தது.

கொள்கை வகுப்பாளர்களுக்கு இந்தப் போகம் தவறான சான்றாக அமைந்தது. பயிர்ச்செய்கையில் காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே ஒரு போகம் இருக்கிறது. இருப்பு தீர்ந்த பின் வரும் போகத்தில்தான் தடையின் உண்மையான சோதனை நடக்கும் என்பதைக் களத்தில் இருந்த விவசாய போதனாசிரியர்கள் அறிந்தே இருந்தார்கள். விலைச் சந்தை இன்னும் விரைவாக அறிந்துகொண்டது. ஆகஸ்ட் இறுதியில் உணவுப் பொருட்களுக்கு அவசரகால ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டன. செப்டம்பர் இறுதியில் அரிசியின் உச்ச விலைக் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. நெல் இன்னும் வயலுக்கே போகாத காலம் அது.

இரண்டாம் போகம்: 2021/22 பெரும்போகம்

ஒக்டோபரில் விதைப்பு. இருப்பு இல்லை. அரசு மூன்று பக்கமும் கை நீட்டியது.

சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையுடன் ஒரு கப்பல் வந்தது. மாதிரிகளில் பயிருக்குத் தீங்கான எர்வினியா நுண்ணுயிர் இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் அறிவித்ததால் அதை இறக்க அனுமதிக்கப்படவில்லை. பணம் நிறுத்தப்பட்டது, ஓர் அரச வங்கி சீனத் தூதரகத்தின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தது, 2022 ஜனவரியில் ஏறத்தாழ 7 மில்லியன் டொலர் கொடுத்தே அந்தப் பிணக்கு தீர்ந்தது. ஒரு மூடைகூட வயலுக்கு வரவில்லை. லித்துவேனியாவிலிருந்து 30,000 தொன் பொட்டாசியம் குளோரைட்டு வந்தது; இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்தது. திரவத்தைத் தெளிக்கக் கருவியும் ஆளும் தேவை. எவ்வளவு, எப்போது, எத்தனை தடவை என்ற அறிவுறுத்தல் பல இடங்களுக்குப் பயிர் வளர்ந்த பிறகே போய்ச்சேர்ந்தது.

விதைத்த பரப்பு அதிகம் குறையவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. கடன் வாங்கி, நகை அடகு வைத்து, வழக்கம்போல் விதைத்தார்கள். பயிர் முளைத்தது, பச்சை பிடிக்கவில்லை. மட்டம் வெடிக்கும் (தூர் கட்டும்) பருவத்தில் நைதரசன் இல்லாவிட்டால் கதிர் எண்ணிக்கையே குறைந்துவிடும். பிறகு எதை இட்டாலும் அது திரும்பாது. களைநாசினி இல்லாததால் களையும் பயிரோடு சேர்ந்து உயர்ந்தது. கறுப்புச் சந்தையில் யூரியாவைத் தேடிப்பிடித்தவர்களின் வயலும், கிடைக்காதவர்களின் வயலும் ஒரே வாய்க்காலின் இரு கரையில் நிறத்தால் பிரிந்து நின்றன. அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாறை, கிளிநொச்சி என்று மாகாண வேறுபாடின்றி விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள்.

வடக்குக்கு இதில் தனிப் பாரம் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல் மானாவாரி, பெரும்போகம் ஒன்றுதான். அந்தப் போகம் போனால் ஆண்டே போயிற்று. வன்னியில் போருக்குப் பின் மீள்குடியேறியவர்களில் பலர் காணியைத் திருத்தக் கடன் வாங்கி இன்னும் கட்டிக்கொண்டிருந்தவர்கள். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது இதே வடக்கு மிளகாயாலும் வெங்காயத்தாலும் செழித்தது. அப்போது தடுக்கப்பட்டவை விவசாயி விற்கும் பொருட்கள். இப்போது தடுக்கப்பட்டவை அவர் பயிருக்கு வேண்டியவை. இறக்குமதித் தடை என்றால் எல்லாம் ஒன்றல்ல.

தடை விலக்கல்

ஒக்டோபரில் தேயிலைக்குத் தளர்வு தரப்பட்டது. நவம்பர் 24 அன்று பொதுவாக விலக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மாத இறுதியில் வர்த்தமானி வந்தது. ஆனால் வர்த்தமானியை மாற்றுவதால் பசளை வந்துவிடாது. உலகச் சந்தையில் 2020இல் தொன்னுக்குச் சராசரியாக 230 டொலர் அளவில் இருந்த யூரியா அப்போது 900 டொலரை ஒட்டி நின்றது. வங்கிகளிடம் டொலர் இல்லை. பழைய மானிய விலையும் இல்லை; தனியார் இறக்குமதி செய்து சந்தை விலைக்கு விற்கலாம் என்றதே ஏற்பாடு. தடையைவிட, தடைக்கு முன்பிருந்த வழங்கல் சங்கிலியை முற்றாகக் கலைத்ததுதான் நீண்ட சேதத்தை உண்டாக்கியது என்பது என் மதிப்பீடு.

2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது.

விளைவு

2020/21 பெரும்போகத்தில் சுமார் 30.6 லட்சம் தொன்னாக இருந்த நெல், 2021/22 பெரும்போகத்தில் சுமார் 19.3 லட்சம் தொன்னாகியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ச்சி. பொருளியலாளர்கள் கணித்த 25 வீதமே தாராளமான கணிப்பாக முடிந்தது. சோளமும் கடுமையாகக் குறைந்தது. கோழித் தீவனம் ஏறியது. முட்டை, இறைச்சி விலை அதைத் தொடர்ந்தது.

மூன்றாம் போகமான 2022 சிறுபோகத்தில் டீசலும் மண்ணெண்ணெயும் இல்லை. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் எரிபொருள் வரிசையில் நின்றன. இந்தியக் கடனுதவியில் வந்த 65,000 தொன் யூரியா ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் கைக்குக் கிடைத்தது. பல வயல்களுக்கு அது பிந்திவிட்டது. 2022இன் மொத்த நெல் சுமார் 34 லட்சம் தொன். முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்த ஆண்டு ஏழரை லட்சம் தொன்னுக்கு மேல் அரிசி இறக்குமதி செய்யப்பட்டது. அதற்கான செலவு 300 மில்லியன் டொலரை நெருங்கியது. 2020இல் பசளைக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

மலையகத்தில் பாதிப்பு வேறு முகம் காட்டியது. 2021இல் 300 மில்லியன் கிலோ அளவில் இருந்த தேயிலை, 2022இல் சுமார் 250 மில்லியன் கிலோவாகியது. நாட்டின் தேயிலையில் முக்கால்வாசியை விளைவிப்பவர்கள் சிறுதோட்ட உரிமையாளர்கள். அவர்களுக்குச் சேமிப்பும் கிடையாது. பெருந்தோட்டங்களில் 2021 மார்ச்சில்தான் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்திருந்தது. கொழுந்து குறைந்தால் தோட்டம் கேட்கும் கிலோவை எடுக்க முடியாது; கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். நெடுங்காலம் போராடிப் பெற்ற சம்பளம் பசளையில்லாத செடியில் கரைந்தது. இந்தத் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டுத் திட்டத்தில் இடமே இருக்கவில்லை. இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார். செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. உலக உணவுத் திட்டமும் உணவு, விவசாய நிறுவனமும் அந்த ஆண்டு 63 லட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்மையில் இருப்பதாக மதிப்பிட்டன. இவை அனைத்தையும் பசளைத் தடையின் மீது சுமத்துவது நேர்மையாகாது. கடன், வரிக்குறைப்பு, பிந்திய நாணய மதிப்பிறக்கம் ஆகியவை பெரிய காரணங்கள். ஆனால் டொலர் தீர்ந்த ஆண்டில், டொலர் கொடுத்து வாங்கத் தேவையில்லாத பிரதான உணவும் வீட்டில் இல்லாமல் போனதற்குத் தடையே காரணம். 1953இல் அரசு கண்டதை 2022இல் மீண்டும் கண்டது.

பசளை திரும்பியதும் மீட்சி விரைவாக வந்தது. 2023இல் நெல் உற்பத்தி 45 லட்சம் தொன் அளவுக்கு உயர்ந்தது. மண்ணும் விதையும் உழைப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன என்பதற்கு அதுவே சான்று.

மாற வேண்டியவை

முதலாவது, தனித்த செலவுக் கணக்கு. பசளை, எரிபொருள், விதை போன்றவற்றின் இறக்குமதியைக் குறைக்கும் எந்த யோசனையும், அதனால் இழக்கப்படும் உணவின் இறக்குமதிச் செலவையும் ஏற்றுமதி இழப்பையும் அதே பக்கத்தில் காட்டாமல் அமைச்சரவைக்குப் போகக்கூடாது. இதற்குப் புதிய நிறுவனம் தேவையில்லை. மத்திய வங்கியிடமும் விவசாயத் திணைக்களத்திடமும் எண்கள் இருக்கின்றன.

இரண்டாவது, காலம். ஒரு போகத்தின் விளைச்சலை வைத்து எந்த முடிவையும் சரியென்று சொல்லக்கூடாது. இருப்பு தீர்ந்த பின்னான ஒரு முழுப் பெரும்போகத்தை, சில கமநலப் பிரிவுகளில் மட்டும், இழப்புக்கு முன்கூட்டியே உறுதியளித்துச் சோதித்திருந்தால் போதும். நாட்டுக்கு ஒரு பிரிவின் இழப்போடு பாடம் கிடைத்திருக்கும்.

மூன்றாவது, பசளை அதிகம் இடப்படும் பிரச்சினை இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த அனுபவத்துக்குப் பின் சேதனப் பசளை என்று பேச வரும் அலுவலரை விவசாயிகள் நம்ப மறுக்கிறார்கள். இது தடையின் மறைவான இழப்பு. மண் பரிசோதனை, நைதரசன் தேவையை இலையின் நிறத்தை ஒப்பிட்டு அறியும் இலை நிற அட்டை, வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே உழுதல், பயறு வகைகளைச் சுழற்சியில் சேர்த்தல் ஆகியவை யூரியாவைக் குறைக்கும் வழிகள். இவை யாவும் திணைக்களத்துக்கு நீண்டகாலமாகத் தெரிந்தவை. மானியம் இப்போது மூடையாக இல்லாமல் பணமாகக் கொடுக்கப்படுவதால், அந்தப் பணத்தின் ஒரு பகுதியை மண் பரிசோதனையோடு இணைக்க முடியும். யாழ்ப்பாணத்தைப் போல ஒரே போகம் உள்ள மானாவாரிப் பகுதிகளில் அது கடைசியாகத் தொடங்க வேண்டும். இரண்டு போகமும் நீரும் உறுதியாக உள்ள மகாவலி வலயங்களில் முதலில் தொடங்க வேண்டும்.

நான்காவதாக, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தைக் கொழுந்தின் எடையிலிருந்து பிரிக்கும் ஒரு பாதுகாப்பு விதி, அரசின் முடிவால் விளைச்சல் விழும் காலத்துக்காவது, சம்பளச் சபையின் வழியே எழுதப்பட வேண்டும்.